பத்தனை நிலமும் பைன் மரமும்: வெலிமடைப் பிரதேசத்தின் மண்வள வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெடுங்காலமாக அதன் அரசர்களையும் ஆளுநர்களையும் போர்களையும் பற்றியே எழுதி வந்தனர். அண்மைக் காலத்தில் உழைக்கும் மக்களின் வரலாறு ஓரளவுக்கு எழுதப்பட்டுள்ளது. ஆயின் அம்மக்கள் உழைத்த மண்ணின் வரலாறு இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஒரு நிலத்தின் வளம் எங்கிருந்து வந்தது, அதனைச் சுமந்து சென்றோர் யாவர், அது எங்கே செலவாயிற்று, திரும்பக் கொடுக்கப்பட்டதா என்னும் வினாக்கள் இயற்கை விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரியவை எனக் கருதப்படுகின்றன. இக்கருத்து பொருத்தமற்றது. மண்ணில் உள்ள நைதரசனிலும் பொசுபரசிலும் ஒரு பகுதி மழைநீரோடு கழுவுண்டு போகின்றது. மறுபகுதி மாட்டின் வயிற்றிலும் கொழுந்துக் கூடையிலும் சாக்கிலும் கப்பலிலும் ஏறிச் செல்கின்றது. அது செல்லும் வழியைத் தீர்மானிப்பவை நில உடைமையும் உழைப்பு உறவுகளுமே ஆகும்.

ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பிரதேசத்தையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக் கொள்கின்றோம். இங்கு மலைச்சரிவுகள் பலவற்றில் 1970களிலும் 1980களிலும் நடப்பட்ட பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இம்மரத்தைப் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. பைன் மண்ணைக் கெடுத்தது, ஊற்றுகளை வற்றச் செய்தது என்பது ஒன்று. மொட்டை மலைகளை அரிப்பினின்றும் காத்தது என்பது மற்றொன்று. இரு சாராரும் மரத்தை அது நடப்பட்ட நிலத்தின் வரலாற்றினின்றும் பிரித்தே நோக்குகின்றனர். பைன் வருவதற்கு முன்னரே ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இந்நிலத்தின் வளம் எடுக்கப்பட்டு வந்தது. திரும்பச் செலுத்தப்படாத அக்கடனின் மேலேயே பைன் நடப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

1. வளச் சுழற்சி என்னும் கருத்து

பயிர்கள் மண்ணிலிருந்து எடுக்கும் கனிப்பொருட் சத்துகளைத் திரும்பக் கொடாவிடின் நிலம் வறிதாகும் என்னும் உண்மையை 1840 இல் வெளிவந்த தமது வேளாண்மை இரசாயன நூலில் ஜேர்மானிய விஞ்ஞானி லீபிக் வலியுறுத்தினார். அவருடைய ஆய்வுகளைக் கற்ற கார்ல் மார்க்சு, முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியின் உழைப்பை மட்டுமன்றி மண்ணின் வளத்தையும் ஒருசேரச் சுரண்டுகின்றது என்னும் முடிவுக்கு வந்தார். நாட்டுப்புறத்திலிருந்து உணவாகவும் ஆடையாகவும் நகரத்திற்குச் செல்லும் சத்து மண்ணுக்கு மீளாத நிலையை அவர் ஒரு முறிவாகக் கண்டார்.

வயலுக்குக் கூறப்பட்ட இவ்விதி காட்டுக்கும் பொருந்தும் என்பதை நிறுவியவர் பவேரியாவின் எபர்மாயர் ஆவார். ஜேர்மானியக் குடியானவர்கள் காட்டில் உதிர்ந்த ஊசியிலைகளை வாரித் தொழுவங்களில் மாட்டுக்குப் படுக்கையாக இட்டு, பின்னர் அதனை வயலுக்கு எருவாக்கினர். உதிர்ந்த இலைகளோடு காட்டை விட்டுச் செல்லும் சத்து எவ்வளவு என்பதை அளந்து, இவ்வழக்கம் காட்டின் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றது என 1876 இல் அவர் எழுதினார். குடியானவனின் வயலும் அரசின் காடும் ஒரே சத்துக்காகப் போட்டியிட்டதை அந்நூல் நமக்கு உணர்த்துகின்றது. காட்டின் வளம் பற்றிய முதற் பேராய்வே ஒரு சமூக முரண்பாட்டின் நடுவில் பிறந்ததாகும்.

காட்டில் சத்து மூன்று வழிகளிற் சுழல்கின்றது. பாறை சிதைவதாலும் மழையாலும் நைதரசனைப் பதிக்கும் நுண்ணுயிர்களாலும் புதிதாக வருவது முதல் வழி. உதிர்ந்த இலையும் சுள்ளியும் உக்கி, அவற்றின் சத்தை வேர் மீண்டும் உறிஞ்சுவது இரண்டாவது வழி. இலை உதிர்வதற்கு முன்னர் அதிலுள்ள சத்தில் ஒரு பகுதியை மரமே தனக்குள் இழுத்துக் கொள்வது மூன்றாவது வழி. இம்மூன்றாம் வழியில் பைன் இனம் சிக்கனம் மிக்கது. உதிரவிருக்கும் ஊசியிலையின் நைதரசனிலும் பொசுபரசிலும் பெரும்பங்கை அது மீட்டுக் கொள்கின்றது. அதனாலேயே வறிய மண்ணிலும் அது வளர முடிகின்றது. அதே காரணத்தால் அது நிலத்தில் உதிர்க்கும் இலை சத்துக் குறைந்ததாகவும் மெல்ல உக்குவதாகவும் இருக்கின்றது. பைனின் குணமும் குறையும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

2. மாடும் வயலும் பத்தனையும்

ஊவாவின் உயர்நிலங்களிற் பரந்து கிடந்த புல்வெளிகள் பத்தனை எனப்படுகின்றன. மானாப் புல்லும் இலுக்குப் புல்லும் செறிந்த இந்நிலங்கள் இயற்கையாகத் தோன்றியவையா, காட்டை எரித்ததால் உண்டானவையா என்பது பற்றி, 1899 இல் பியர்சன் இவற்றின் தாவரவியலை ஆராய்ந்து எழுதிய காலந்தொட்டு விவாதம் நடந்து வருகின்றது. எவ்வாறாயினும் இவை பயனற்ற நிலங்களாக இருந்ததில்லை. கிராமத்தவரின் மாடுகளும் எருமைகளும் பத்தனையில் மேய்ந்தன. அறுவடைக்குப் பின் அவை வயலில் இறங்கித் தாளை மேய்ந்து சாணமிட்டன. உழவுக்கும் சூடு மிதிக்கவும் அவையே பயன்பட்டன. மேட்டு நிலத்தின் புல் மாட்டின் வழியாகப் பள்ளத்து வயலுக்கு எருவாக வந்து சேர்ந்தது. மேட்டுக் காட்டின் உக்கலைக் கரைத்து வந்த நீரும் படிமுறை வயல்களில் இறங்கிப் பாய்ந்தது. வீட்டுக் கூரைக்கு வேண்டிய புல்லும் பத்தனையிலிருந்தே கிடைத்தது.

இம்முறையைப் பொற்காலமாகப் போற்றுதல் தவறாகும். இராசகாரியக் கடமையும் நிலமானிய உறவுகளும் குடியானவனை அழுத்தியே வைத்திருந்தன. ஆயினும் மேட்டின் வளத்திற்கும் பள்ளத்தின் வளத்திற்கும் இடையில் ஓர் இணைப்பு அங்கு இருந்தது. அவ்விணைப்பு முதன்முதலாக வன்முறையால் அறுந்தது 1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவா–வெல்லச எழுச்சி ஒடுக்கப்பட்ட போதேயாகும். எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிப்பொலவின் பெயரை வெலிமடைக்கு அருகிலுள்ள ஊர் இன்றும் தாங்கி நிற்கின்றது. பிரித்தானியப் படைகள் பயிர்களை எரித்ததையும் கால்நடைகளை அழித்ததையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கால்நடையின் அழிவு உணவின் அழிவு மட்டுமன்று, வயலுக்கு எரு வரும் வழியின் அழிவுமாகும்.

இரண்டாவது முறிவு சட்டத்தால் வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை எனக் கொண்டது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. மேய்ச்சலுக்கும் சேனைக்கும் பயன்பட்ட நிலத்திற்கு எழுத்திலான உறுதி கிராமத்தவரிடம் இருக்கவில்லை. எருவின் ஊற்று சட்டத்தின் மொழியில் தரிசு எனப் பெயர் பெற்றது.

3. கோப்பியும் தேயிலையும்: வளத்தின் ஏற்றுமதி

பதுளையிலும் அப்புத்தளையிலும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவிய கோப்பிச் செய்கை, காட்டை வெட்டி எரித்து, அதன் அடியில் நூற்றாண்டுகளாகத் திரண்டிருந்த உக்கலை முதலாகக் கொண்டது. இம்முதலை இட்டவர் எந்தத் துரையும் அல்லர். களை சிறிதுமின்றித் துப்புரவாக வைக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மழை மேல்மண்ணை வாரிச் சென்றது. 1870 அளவில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஆண்டுதோறும் ஏற்றுமதியாயிற்று. வளம் குன்றிய தோட்டங்களில் சாணமும் எலும்புத் தூளும் புண்ணாக்கும் இடப்பட்டன. புண்ணாக்கு என்னும் நம் சொல்லே தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்திற் புகுந்தமை, அக்காலத்தில் எருவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டுக்குச் சான்றாகும். மாட்டுத் தொழுவங்கள் தோட்டத்தின் உறுப்பாயின. எருவை மலையேற்றிச் சுமந்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் ஆவர்.

1869 இல் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் இரண்டு தசாப்தங்களுள் கோப்பிச் செய்கையை வீழ்த்தியது. நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு ஆகும். ஆயின் மலைக்கு மலை ஒரே பயிரைத் தொடர்ச்சியாக நட்ட முறையே அந்நோய் தடையின்றிப் பரவ வழி வகுத்தது.

தேயிலை கோப்பியினின்றும் வேறுபட்டது. கோப்பியில் பழம் பறிக்கப்படுகின்றது. தேயிலையிலோ செடியின் சத்துச் செறிந்த இளங்கொழுந்தே ஓயாமற் பறிக்கப்படுகின்றது. பதனிட்ட தேயிலையில் நைதரசன் ஏறத்தாழ 4 சதவீதம் உண்டு. எனவே ஓர் எக்டேயரிலிருந்து 1,000 கிலோகிராம் தேயிலை எடுக்கப்படின், அதனோடு ஏறத்தாழ 40 கிலோகிராம் நைதரசன் நிலத்தை விட்டுச் செல்கின்றது. கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணின் முதுகில் மண்ணின் வளமும் ஏறிச் சென்றது. இவ்விழப்பை ஈடுசெய்ய இறக்குமதிப் பசளை வந்தது. 1925 இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் விளைச்சலுக்கு ஏற்ற பசளை அளவுகளை வகுத்தது. முள்முருக்கும் சவுக்கும் நிழலுக்கு நடப்பட்டு, அவற்றின் தழை நிலத்தில் இடப்பட்டது. கவ்வாத்தின்போது வெட்டப்படும் கிளைகளை மண்ணிற் புதைக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் அறிவுரை. ஆனால் லயத்து அடுப்புக்கு வேறு விறகு இல்லாத நிலையில், அந்த மிலாறு தொழிலாளரின் தலைச்சுமையாக லயத்திற்கே போயிற்று. இதனை அறியாமை எனக் கொள்ளுதல் நேர்மையன்று. விறகுக்கு ஒரு துண்டு நிலமேனும் இல்லாத குடும்பம், தன் அடுப்புக்கும் தோட்டத்தின் மண்ணுக்கும் இடையில் ஒன்றைத் தெரிய வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது.

இங்கே ஒரு முரணைச் சுட்டுதல் தகும். நெடுங்காலம் தேயிலை நின்று களைத்த நிலத்தில் மீண்டும் தேயிலை நடுவதற்கு முன், குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, அதனை அரிந்து நிலத்தில் பரப்பி மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. பத்தனையின் மானாப் புல் தரிசின் அடையாளம் எனக் கருதி ஒதுக்கப்பட்டது. பின்னர் அதே புல் தோட்டத்தின் மண்ணுக்கு மருந்தாக அழைக்கப்பட்டது.

4. ஊசியிலை மரத்தின் வருகை

தோட்டங்கள் விரிந்தபோது எரிபொருள் நெருக்கடி எழுந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் புகையிரதத்திற்கும் விறகு வேண்டியிருந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என 1873 இல் தாவரவியல் அறிஞர் ஹூக்கர் அறிவுறுத்தினார். 1885 இல் காட்டுக் கட்டளைச் சட்டமும் 1887 இல் காட்டுத் திணைக்களமும் தோன்றின. 1861 இல் கொயினா மரத்திற்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தோட்டம் அந்நிய மரங்களின் வாயிலாயிற்று. யூக்கலிப்டசு, வாற்றில், சைப்பிரசு ஆகிய மரங்கள் மலைநாட்டிற் பரவின. பதுளைவரை புகையிரதப் பாதை 1924 இல் எட்டியது. இக்காலத்து மரநடுகை பெரும்பாலும் விறகின் தேவையால் எழுந்ததாகும்.

பைனின் பெருநடுகைக்குக் காரணம் வேறு. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கம்பனிகள் கைவிட்டுச் சென்றவற்றுள் மண் அரிக்கப்பட்டு, செடிகள் முதிர்ந்து, இடையிடையே வெற்றிடம் விழுந்த தேயிலை நிலங்கள் பல இருந்தன. 1977 இன் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தால் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது, அவற்றை நிரப்பும் ஆறுகளின் மேற்படுகையைக் காக்க வேண்டிய தேவை உண்டாயிற்று. வெலிமடையூடாக ஓடும் உமா ஓயா ரந்தம்பைப் பகுதியில் மகாவலியுடன் சேர்கின்றது. இந்நிலையில் மத்திய அமெரிக்காவையும் கரிபியத் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட பைனசு கரிபியா என்னும் இனம் பத்தனைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பரவலாக நடப்பட்டது. வறிய மண்ணையும் வறட்சியையும் தாங்கியது, மாடு அதனை உண்ணவில்லை, செலவு குறைவாயிற்று. இவையே தெரிவுக்குக் காரணங்கள்.

இக்காலத்தின் மனித வரலாற்றையும் இதனருகில் வைத்து நோக்குதல் வேண்டும். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1973–74 இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மறுபுறத்தில், 1951 ஆம் ஆண்டின் கண்டியக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை மத்திய, ஊவா மாகாணங்களின் சிங்களக் குடியானவரது நிலமின்மையை விரிவாக எடுத்துக்காட்டியிருந்தது. உழுவதற்கு நிலம் இல்லாத இரு மக்கட் கூட்டத்தார் பக்கம் பக்கமாக வாழ்ந்த மலைகளில், பெரும் நிலப்பரப்புகள் எவருடைய உணவுக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உதவாத ஒரு மரத்தால் மூடப்பட்டன. குழி வெட்டிய கைகளும் கன்று சுமந்த தலைகளும் இம்மலைவாழ் உழைப்பாளருடையவையே. எந்த மரத்தை நடுவது என்னும் முடிவில் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

5. பைன் காட்டின் வரவு செலவு

பைன் எங்கும் தானாக வளரும் மரம் என்பது பொதுவான எண்ணம். அது தவறானது. அதன் வேரோடு கூடி வாழும் பங்கசு இன்றேல் பைன் பிழைப்பதரிது. பியூட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகளாகப் பைன் கன்றுகள் மஞ்சளித்துக் குன்றின. 1955 இல் பைன் காட்டு மண் அங்கு கொண்டுவந்து இடப்பட்ட பின்னரே அவை செழித்தன. வேரைப் போர்த்தி மண்ணுக்குள் நெடுந்தூரம் இழையோடும் அப்பங்கசு, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசை மரத்திற்குக் கொடுத்து, மரத்திலிருந்து வெல்லத்தைப் பெறுகின்றது. ஊவாவின் செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண்ணில் இத்துணை பெரிதும் வேண்டப்படுவது. அம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை.

ஏனைய நாடுகளில் நிருவகிக்கப்படும் ஊசியிலைக் காடுகளுக்குப் பசளையிடுதல் வழக்கமாகியுள்ளது. சுவீடனின் குளிர் மண்ணில் உக்கல் மிக மெதுவாக நிகழ்வதால் நைதரசனே பற்றாக்குறையாகின்றது. அங்கு எக்டேயருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் நைதரசன் ஒரு தடவையில் இடப்படுகின்றது. நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு அருகிலுள்ள றிவர்கெட் காட்டில் குன்றி நின்ற பைன் மரங்கள், 1950களில் வானூர்தியிலிருந்து சுப்பர்பொசுபேற்றுத் தூவப்பட்டதும் தேறின. தென் அவுஸ்திரேலியாவில் முதலாம் நடுகையை வெட்டிய பின் நடப்பட்ட இரண்டாம் நடுகை வளர்ச்சி குன்றியதாக 1960களில் அறியப்பட்டது. வெட்டிய கிளைகளையும் சருகையும் எரிக்காமல் நிலத்திலேயே விட்டமையும், களையைக் கட்டுப்படுத்திப் பசளை இட்டமையும் அதற்குப் பரிகாரமாயின. மரத்தின் மொத்தப் பாரத்தில் இலையும் சிறுகிளையும் சிறு பங்கே. ஆயின் சத்தில் அவற்றின் பங்கு மிகப் பெரிது. தண்டை மட்டும் எடுத்துச் சென்றால் காடு தாங்கும். கிளையையும் இலையையும் சேர்த்து அகற்றின் அடுத்த தலைமுறை மரம் பட்டினி கிடக்கும்.

வெலிமடைப் பகுதியின் நிலைமைகள் இவற்றோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவை. இங்கு மழையின் பெரும்பகுதி ஒற்றோபரிலிருந்து சனவரிவரை பெய்கின்றது. யூன் முதல் செத்தெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவதும் பைன் சருகைக் காய்ந்த விறகாக்குவதும் இக்காற்றே. மெல்ல உக்கும் ஊசியிலை நிலத்தில் தடித்த படையாகச் சேர்கின்றது. பிசின் பொதிந்த அப்படையில் தீ எளிதிற் பற்றுகின்றது. இளம் புல் முளைக்க வேண்டி மேய்ச்சல்காரர் வைக்கும் தீயும் அசட்டையால் விழும் தீயும் ஆண்டுதோறும் பதுளை மாவட்டத்தின் பைன் காடுகளைச் சுடுகின்றன. தீயில் நைதரசன் வாயுவாகிப் போகின்றது. பொசுபரசும் பொற்றாசியமும் சாம்பலில் எஞ்சி, முதல் மழையோடு சரிவிறங்கி விடுகின்றன. மரம் பல ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்த்த சத்து ஒரு பிற்பகலில் செலவாகின்றது. ஆகவே இங்கு பசளை பற்றிப் பேசுமுன் தீயைப் பற்றிப் பேசுதல் வேண்டும். தீயைப் பற்றிப் பேசுமுன் மேய்ச்சல் நிலத்தை இழந்தவனைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

நீர் பற்றிய குற்றச்சாட்டையும் நிதானமாக நோக்குவோம். 94 நீரேந்து பரப்புகளின் பரிசோதனைகளைத் தொகுத்து பொஷ், ஹ்யூலெட் ஆகிய இருவரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊசியிலை அல்லது யூக்கலிப்டசு மரப்போர்வை 10 சதவீதம் கூடும்போது ஆண்டு நீர்வரத்து ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் குறைகின்றது. புல்லைக் காட்டிலும் பைன் கூடுதலாக நீரை உறிஞ்சுகின்றது என்னும் கிராமத்தவரின் அனுபவ அறிவு அறிவியலால் மறுக்கப்படவில்லை. அதே வேளையில், மேல்மண் அரிக்கப்பட்டு இறுகிய நிலத்தில் மழைநீர் உட்புகாது ஓடிவிடுவதும் ஊற்று வற்றுவதற்கு ஒரு காரணமே. அக்காரணம் பைனுக்கு முந்தியது. கோப்பியோடு வந்தது.

6. மேட்டிற் பஞ்சம், பள்ளத்தில் மிகை

மலையுச்சியில் வறுமை நிலவ, வெலிமடையின் பள்ளத்தாக்குகளில் அதற்கு நேர்மாறான நிலை உருவாயிற்று. 1960களில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும், நெல்வயல்களில் போகம் மாற்றி உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடுதல் வெலிமடை, போரலந்த, ஊவா பரணகமைப் பகுதிகளிற் பெருகியது. சிறு நிலத்தில் கடன்பட்டுப் பயிரிடும் விவசாயி, விளைச்சல் தவறுமோ என்னும் அச்சத்தால் பசளையை மிகையாக இடுகின்றான். இடப்படும் பொசுபரசில் பயிர் எடுப்பது சிறு பங்கே. மிச்சம் மண்ணிலும், அரிப்புண்ட மண்ணோடு உமா ஓயாவிலும் சேர்கின்றது. ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் படியும் வண்டலில் இம்மலைகளின் மேல்மண்ணும் அடங்கும். முன்னொரு காலத்தில் மேட்டின் வளம் பள்ளத்து வயலிற் பயிராயிற்று. இன்று மேடு தன் மண்ணை இழக்கின்றது, பள்ளம் கப்பலில் வந்த பசளையால் வாழ்கின்றது, இரண்டின் மிச்சமும் அணைக்கட்டின் அடியில் புதைகின்றது.

இவ்வாழ்வு எவ்வளவு நொய்மையானது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோகிராமாக வீழ்ந்தது. இயற்கைப் பசளையே நல்லது எனக் கூறி நியாயப்படுத்தப்பட்ட அத்தடை, அவ்வியற்கைப் பசளை எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடை வைத்திருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மாட்டையும் மேய்ச்சலையும் காட்டு உக்கலையும் இழந்த மலைநாட்டில், ஓர் அரசாணையால் எரு பிறந்துவிடாது. பைன் காட்டின் சருகை அள்ளி வயலுக்கு இடலாமே என்போர், பவேரியக் காடுகளின் அனுபவத்தை நினைவிற் கொள்ளுதல் நன்று.

7. இனிச் செய்யத்தக்கவை

பைன் அனைத்தையும் வெட்டி எறிதல் வேண்டும் என்னும் கோரிக்கை அவ்வப்போது எழுகின்றது. செங்குத்தான சரிவில் மரத்தை ஒருங்கே வெட்டினால், எஞ்சிய மேல்மண்ணும் அடுத்த பருவமழையோடு போய்விடும். இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. சிங்கராசக் காட்டின் எல்லையில் 1978 அளவில் நடப்பட்ட பைன் மரங்களிடையே சில வரிசைகளை நீக்கி, அந்நிழலில் சுதேச மழைக்காட்டு மரங்களை வளர்க்க முடியும் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் மார்க் ஆஷ்டனும் அவர்தம் குழுவினரும் 1990களில் நிறுவினர். பைன் அங்கு செவிலியாகப் பயன்பட்டது.

இம்முடிவை வெலிமடைக்கு அப்படியே பெயர்த்துக் கொள்ளலாகாது. சிங்கராசம் ஆண்டு முழுதும் மழை பெறுவது. விதை தரும் இயற்கைக் காடு அதன் அருகில் நிற்கின்றது. ஊவாவின் உலர் பத்தனையிலோ நீண்ட வறட்சி உண்டு, தீ உண்டு, விதை தரும் தாய்மரம் தொலைவில் உண்டு. இங்கு முதலில் தீத்தடுப்புப் பாதைகளும், பள்ளங்களையும் ஊற்றுகளையும் ஒட்டிய நிலத்தில் பைனை மெல்ல நீக்கிச் சுதேச மரங்களை நடுதலும் வேண்டும். வெட்டப்படும் மரத்தின் கிளையும் இலையும் சரிவுக்குக் குறுக்கே பரப்பப்பட்டு அங்கேயே உக்க வேண்டும். புதிய கன்றுகளுக்குப் பொசுபரசு தேவைப்படின், 1971 இல் எப்பாவலையில் கண்டறியப்பட்ட பாறைப் பொசுபேற்று மெதுவாகக் கரைவதால் நீண்டகால மரங்களுக்கு ஏற்றது. அமிலத்தன்மை கூடிய மண்ணில் அது நன்கு பயன்தரும். நைதரசனைப் பதிக்கும் மரங்களைக் கலந்து நடுதல், இறக்குமதிச் சாக்கை நம்பியிருக்கும் தேவையைக் குறைக்கும்.

இத்தொழில்நுட்ப வழிகள் யாவும், நிலத்தின் மேல் உரிமையற்றோரைக் கூலிக்கு அமர்த்தி மீண்டும் மேலிருந்து நடத்தப்படுமாயின், பழைய கதையே தொடரும். தீயைத் தடுக்க வல்லவர் காட்டருகே வாழ்வோரே. அவர்களுக்குக் காட்டில் பங்கு இல்லையெனின் தீயை அணைப்பதிலும் அக்கறை இராது. மேய்ச்சலுக்கு வரையறுத்த இடமும், விறகுக்கு லயத்தை அண்டிய மரத்தோப்பும், காட்டின் வருவாயில் பங்கும் கிராமத்தவருக்கும் தோட்டத்து மக்களுக்கும் கிடைத்தல் வேண்டும். லயத்து அடுப்புக்கு விறகு கிடைத்தால் கவ்வாத்தின் மிலாறு தேயிலை மண்ணுக்கே திரும்பும். மண்வளமும் மக்களுரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

முடிவாக நாம் கூறத்தக்கது இதுவே. வெலிமடையின் மலைகளில் நிற்கும் பைன் மரம் குற்றவாளியும் அன்று, இரட்சகனும் அன்று. மாட்டை இழந்த பத்தனை, உக்கலை இழந்த கோப்பிச் சரிவு, கொழுந்தோடு சத்தை ஏற்றுமதி செய்த தேயிலை மலை ஆகியவற்றின் மீதிக் கணக்கில் அது நடப்பட்டுள்ளது. அக்கணக்கின் வரவுப் பக்கத்தில் இடம்பெற்றோர் துரைமாரும் கம்பனிகளும் அரசுகளும் ஆவர். செலவுப் பக்கத்தைச் சுமந்தது மண்ணும், அம்மண்ணிற் பெயரின்றி உழைத்த சிங்களக் குடியானவரும் தமிழ்த் தொழிலாளரும் ஆவர். எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது என்னும் லீபிக்கின் விதி மண்ணுக்கும் மனிதர்க்கும் ஒருங்கே பொருந்தும். அதனை ஏற்று நிலத்தையும் உரிமையையும் ஒருசேரத் திருப்பிக் கொடுக்கும் திட்டமே இம்மலைகளின் வளத்தை மீட்கும்.